மாடு மேய்க்கும் படிப்பு

எமது பாடசாலைகளிலே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் வசைமொழி ஒன்றுண்டு. கணக்கிலே பிழைவிட்ட மாணவனையும், செய்யுளை மனனஞ் செய்துவராத மாணவனையும், பாடவேளையில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த மாணவனையும் நோக்கி ஆசிரியர் ஒரே வாக்கியத்தையே கூறுவர்: "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு." இதனைக் கூறாத ஆசிரியர் அரியர், கேளாத மாணவர் அவரினும் அரியர். கோபத்திலே பிறந்து கோபத்தோடு மறையும் வெறும் வார்த்தை என்று இதனை விட்டுவிடலாம். ஆனால், ஒரு சமுதாயத்தின் உள்ளக்கிடக்கையை ஒளிவுமறைவின்றிக் காட்டுவன அதன் வசைமொழிகளே. அறிவு ஒரு கரை, மாடு மறு கரை. முன்னதிலே கால் ஊன்ற முடியாதவன் பின்னதிலே ஒதுங்குவான் என்பதே இவ்வசையின் பொருள். விடியுமுன் எழுந்து, கொட்டில் கூட்டி, பால் கறந்து, போத்தல்களைச் சைக்கிளிலே கட்டி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வருகின்ற பிள்ளையை நோக்கி, அந்தப் பாலிலே தேநீர் அருந்திவிட்டு வந்த ஆசிரியர் இவ்வாறு கூறுகின்றார் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும்.

தமிழ் கற்பிக்கும் எம் போன்றோருக்கு இதிலே இன்னொரு முரண்பாடும் உண்டு. பழந்தமிழிலே 'மாடு' என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். முல்லைத்திணையின் ஆயர் வாழ்வை வகுப்பிலே நயம்பட விளக்குகின்றோம்; மாலைப்பொழுதிலே கன்றை நினைந்து மனை திரும்பும் ஆனிரையின் மணியோசையை வியக்கின்றோம். பாடசாலை மணி அடித்ததும் அவ்வியப்பும் முடிந்துவிடுகின்றது. ஏட்டிலுள்ள ஆயனுக்கு எமது மதிப்பு உண்டு. கடைசி வாங்கிலே அமர்ந்திருக்கும் ஆயனுக்கு இல்லை.

இந்த வசையின் அடிப்படையையே பொய்யாக்கிய ஒரு மனிதரைப் பற்றி இங்கே எழுத விழைகின்றோம். மாட்டின் வயிற்றுக்குள்ளே என்ன நிகழ்கின்றது என்று அறிவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அவர். பெயர் றொபேட் ஹங்கேற். இலக்கியம் படித்த நாம் அவரைத் தேடிச் சென்றதற்குக் காரணமாய் இருந்தது ஒரு மாணவனின் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பதினோராந் தர வகுப்பிலே 'எமது வீட்டுப் பசு' என்னுந் தலைப்பிலே கட்டுரை எழுதச் சொன்னோம். தேய்ந்துபோன தலைப்பு; எனவே கட்டுரைகளும் தேய்ந்தனவாகவே வந்தன. பசு தாய்க்கு நிகரானது, அதன் பால் பிள்ளைகளுக்கு உணவு, அதன் சாணம் பயிருக்கு உரம் என்று கொப்பிகள் யாவும் ஒரே குரலிற் பேசின. ஒரு கொப்பி மட்டும் வேறு பேசிற்று. தகப்பனை இழந்த வீடு, இரண்டு பசுக்கள், அவற்றின் பாலை விற்றே தாய் நான்கு பிள்ளைகளை வளர்த்துவந்தார். அயலிலே கலியாணம் நடந்த மறுநாள், மிஞ்சிய சோற்றை வீணாக்கலாகாது என்று ஒரு கடகம் நிறைய அந்தக் கொட்டிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். கறவைப் பசு அதனை ஆவலோடு தின்றது. அன்றிரவு அது இரைமீட்கவில்லை. மறுநாள் வயிறு கனத்து, கால் தள்ளாடிப் படுத்தது; மூன்றாம் நாள் விடியுமுன் இறந்துவிட்டது. கண்ணூறு என்றனர் சிலர். சோற்றிலே ஏதோ கலந்திருந்தது என்றனர் வேறு சிலர். இரண்டு வீடுகளுக்கும் இடையே பேச்சு அற்றுப்போயிற்று. இவ்வளவையும் எழுதியபின் அம்மாணவன் ஒரு வினாவோடு கட்டுரையை முடித்திருந்தான்: "எங்களுக்கு உணவாகிய சோறு எங்கள் பசுவுக்கு நஞ்சானது எப்படி?"

அக்கட்டுரைக்குப் புள்ளி இடுவது எளிது. அவ்வினாவுக்கு விடை கூறுவது எளிதன்று. எமது பகுதிக் கால்நடை வைத்தியர் அதனை இரண்டு வாக்கியங்களிலே விளக்கினார். அவ்விரண்டு வாக்கியங்களின் வேரைத் தேடி நூல்களைப் புரட்டியபோதே ஹங்கேற்றின் பெயர் எதிர்ப்பட்டது.

அவருடைய ஆராய்ச்சியை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் மாட்டின் வயிற்றைப் பற்றிச் சிறிது அறிதல் அவசியம். மாட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதலாவதும் பெரியதுமான அறை, வளர்ந்த பசுவிலே 100 லீற்றருக்கு மேலும் கொள்ளக்கூடியது. புல்லும் வைக்கோலும் குழையும் பெரும்பாலும் செலுலோசு என்னும் நார்ப்பொருளால் ஆனவை. அந்நாரைச் சிதைக்கவல்ல நொதியத்தை மாட்டின் உடல் சுரப்பதில்லை. புல் தின்று வாழும் விலங்கு தன் உடலின் ஆற்றலாற் புல்லைச் சமிக்க இயலாதது என்பது முதலிலே நம்புதற்கு அரிதாகவே இருக்கும். அவ்வேலையைச் செய்வன முதலறையில் வாழும் நுண்ணங்கிகள். அங்குள்ள திரவத்தின் ஒரு மில்லிலீற்றரிலே 1000 கோடிக்கு மேற்பட்ட பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு புரொற்றோசோவாக்களும் பங்கசுக்களும் உள்ளன. அவை நாரைப் புளிக்கவைத்து, வினாகிரியில் உள்ள அசற்றிக்கமிலத்தையும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில அமிலங்களையும் வெளிவிடுகின்றன. அவ்வமிலங்கள் அறைச்சுவரினூடாகக் குருதியிற் கலந்து மாட்டுக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியை அளிக்கின்றன. பின்னர் அந்நுண்ணங்கிகள் அடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டுத் தாமே சமிபாடடைந்து மாட்டுக்குப் புரதமாகின்றன. பசு தன் வயிற்றுக்குள்ளே ஒரு வயலை வைத்திருக்கின்றது எனலாம்.

இவ்வயலிலே உயிர்கள் உண்டென்பது நெடுங்காலத்துக்கு முன்னரே தெரிந்த செய்தி. 1843ஆம் ஆண்டிலே பிரான்சைச் சேர்ந்த குரூபி, டெலபோன்ட் என்னும் இருவர் முதலறைத் திரவத்தை நுணுக்குக்காட்டியிலே நோக்கி அங்கு நீந்தும் புரொற்றோசோவாக்களைப் பற்றி எழுதினர். ஆயினும் அடுத்த நூறு ஆண்டுகளாக, நாரைச் சிதைப்பது எந்த உயிர் என்று எவராலும் திட்டமாகக் கூற முடியவில்லை. இதற்குக் காரணம் எளியது. மாட்டின் முதலறையிலே ஒட்சிசன் இல்லை. அங்கு வாழும் முக்கியமான பற்றீரியாக்களுக்கு எமது உயிர்மூச்சாகிய காற்றே நஞ்சு. அக்கால ஆய்வுகூடங்களின் முறைகளோ மனித நோய்க் கிருமிகளைக் காற்றிலே வைத்து வளர்ப்பதற்காக உருவானவை. முதலறைத் திரவத்தை அத்தட்டுகளிலே இட்டால் ஏதோ சில வளரும். ஆனால் வேலை செய்தவை இறந்துபோக, வேடிக்கை பார்த்தவையே வளர்ந்தன. வளர்ந்தவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, இவையே நாரைச் சிதைப்பன என்று கூறுவதற்கு வழியில்லை.

ஹங்கேற் 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்திலே பிறந்தவர். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே, ஒல்லாந்து தேசத்திலிருந்து வந்த வான் நீல் என்னும் பேரறிஞரின் முதல் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து, 1935ஆம் ஆண்டிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பொழுது அவர் எடுத்துக்கொண்ட பொருள் மாடு அன்று, கறையான். மரத்தைத் தின்னும் கறையான் மரத்தைச் சமிப்பது எப்படி, அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதிலே கொள்ளும் பங்கு யாது என்பவையே அவருடைய வினாக்கள். அவ்வாண்டிலேயே ரெக்சாஸ் பல்கலைக்கழகத்திலே ஆசிரியராக அமர்ந்தார். கறையானிடம் கேட்ட வினாவையே அங்கு மாட்டிடமும் கேட்கத் தொடங்கினார்.

நிகழ்ச்சிகள் நிறைந்த வாழ்க்கை என்று அவருடைய வாழ்க்கையைக் கூற முடியாது. ரெக்சாசிலே பத்து ஆண்டுகள். பின்னர் 1945 முதல் வாஷிங்ரன் மாநிலக் கல்லூரியிலே பதினோரு ஆண்டுகள். 1956 முதல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்திலே எஞ்சிய காலம். இடங்கள் மாறின, வினா மாறவில்லை. 98 வயது வாழ்ந்து 2004ஆம் ஆண்டிலே மறைந்தார். தன் பாடத்தை அடிக்கடி மாற்றிப் புகழ் தேடுவோர் மலிந்த உலகிலே, ஒரே வினாவோடு இத்தனை ஆண்டுகள் குடித்தனம் நடத்திய பொறுமை எமக்கு வியப்பைத் தருகின்றது.

அவருடைய பெருஞ்சாதனை ஒரு சோதனைக்குழாய் என்று கூறினால் மிகையாகாது. பற்றீரியா ஆய்வுகூடத்துக்கு வரவேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இடையே, ஆய்வுகூடம் பற்றீரியாவின் வீட்டைப் போல் ஆகவேண்டும் என்று அவர் கருதினார். மாட்டின் முதலறைத் திரவத்தையே எடுத்துத் தூய்மைசெய்து வளர்ப்பூடகத்திலே சேர்த்தார். அறையிலுள்ள உப்புகளையும், அங்கு நிலவும் 39 பாகை வெப்பத்தையும், அங்கு நிறைந்துள்ள காபனீரொட்சைட்டையும் அவ்வாறே அமைத்தார். அக்காபனீரொட்சைட்டிலே எஞ்சியிருக்கும் ஒட்சிசனையும் நீக்குவதற்காக அதனைச் சூடாக்கிய செம்பின் மீது செலுத்தினார். குழாயைத் திறக்கும் ஒவ்வொரு கணத்திலும் அவ்வாயு உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். காற்று நுழைய இடமில்லை. ஊடகத்திலே ஒரு சாயம். ஒட்சிசன் சிறிது புகுந்தாலும் அது இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். உருகிய ஏகாரை ஊற்றி இறப்பர் அடைப்பான் இட்டு, குழாயைக் குளிர்நீரிலே கிடையாக உருட்டினால் ஏகார் உட்சுவரிலே மெல்லிய படையாக உறையும். அப்படையிலே வெண்தூளாகச் செலுலோசு பரவியிருக்கும். நாரைச் சிதைக்கும் பற்றீரியா எவ்விடத்தில் வளர்கின்றதோ அவ்விடத்தைச் சுற்றி அவ்வெண்மை கரைந்து தெளிவான வட்டம் தோன்றும். 'இவ்வேலையைச் செய்தவன் நானே' என்று அது தானே ஒப்பமிடுவது போன்ற காட்சி அது.

1947ஆம் ஆண்டிலே, மாட்டின் முதலறையிலிருந்து செலுலோசைச் சிதைக்கும் பற்றீரியாக்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்த செய்தியை அவர் வெளியிட்டார். 1950ஆம் ஆண்டிலே அம்முறையை முழுமையாக விளக்கி எழுதினார். நூறாண்டுப் புதிர் ஓர் உருட்டுக்குழாயிலே விடுபட்டது. பிற்காலத்திலே மனிதக் குடலிலே வாழும், காற்றை வெறுக்கும் பற்றீரியாக்களை ஆராய்ந்தவர்களும் இம்முறையைத் தழுவியே வேலை செய்தனர். இன்று மனிதக் குடல் நுண்ணங்கிகளைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அவ்வறிவுக்கு வழிகாட்டிய முறை மாட்டு வயிற்றிலிருந்து வந்தது என்பதை அவை நினைவூட்டுவதில்லை.

இனி, எமது மாணவனின் வினாவுக்கு வருவோம். 1952ஆம் ஆண்டிலே ஹங்கேற் தம் மாணவரான மாவின் பிறையன்ற் முதலியோருடன் சேர்ந்து, செம்மறியாடுகளிலே நேரும் கடுமையான அசமியத்தைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். புல்லுக்குப் பழகிய ஆடு திடீரெனத் தானியத்தை மிகுதியாகத் தின்றால் நேர்வது என்ன? தானியத்தின் மாப்பொருள் முதலறையிலே புகுந்ததும், அதுவரை சிறுபான்மையாய் இருந்த ஸ்ரெப்ரோகொக்கஸ் போவிஸ் என்னும் பற்றீரியா கட்டுக்கடங்காது பெருகுகின்றது. அது லற்றிக்கமிலத்தைக் கொட்டுகின்றது. அமிலம் ஏற ஏற, நாரைச் சிதைக்கும் பற்றீரியாக்களும் புரொற்றோசோவாக்களும் மடிகின்றன. வயிற்றின் அசைவு நிற்கின்றது. குருதியிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகின்றது. அமிலம் குருதியிலே கலக்கின்றது. விலங்கு சாய்ந்துவிடுகின்றது. வெந்த சோறு முழுவதும் மாப்பொருள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அந்தக் கலியாணச் சோற்றிலே எவரும் எதனையும் கலக்கவில்லை. எவருடைய கண்ணும் படவில்லை. பசுவின் வயிற்றிலிருந்த வயல் ஒரே இரவிலே புளித்து அழிந்தது, அவ்வளவே.

இதனை வாசித்தபோது எம்மை வருத்தியது பசுவின் மரணம் மட்டுமன்று. 1952இல் அச்சேறிய விடை அது. உலகின் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் யாவற்றிலும் கற்பிக்கப்படுவது. எமது நாட்டிலும் பேராதனையிலே கற்பிக்கப்படுவது. ஆனால், அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும் ஓர் ஏழைத் தாயின் கொட்டிலுக்கு அது வந்து சேரவில்லை. அது வந்து சேராமையினால் அவர் இழந்தது தம் வருவாயின் பாதி. அதனோடு ஓர் அயலவரின் உறவையும் இழந்தார். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று நாம் பெருமை பேசும்போது, யாருடைய வாசல்வரை வளர்ந்தது என்று கேட்க வேண்டியவர்களாய் உள்ளோம்.

ஹங்கேற்றின் பாதை அத்துடன் நிற்கவில்லை. 1958ஆம் ஆண்டிலே அவரும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் முதலறையிலிருந்து மெதேன் வாயுவை ஆக்கும் நுண்ணங்கி ஒன்றைப் பிரித்தெடுத்தனர். பிறையன்ற் வேறு மூவருடன் சேர்ந்து 1967ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. அதுவரை தனி உயிர் என்று கருதப்பட்ட ஒரு மெதேன் ஆக்கி உண்மையிலே ஒன்றையொன்று சார்ந்து வாழும் இரண்டு உயிர்கள் என்று அவர்கள் காட்டினர். ஒன்று ஐதரசனை வெளிவிடுகின்றது; அந்த ஐதரசன் தேங்கினால் அதன் வளர்ச்சி தடைப்படும்; மற்றது அந்த ஐதரசனை உண்டு மெதேன் ஆக்குகின்றது. மாட்டின் வயிற்றிலும் இத்தகைய கொடுக்கல் வாங்கலே நிகழ்கின்றது. 1977ஆம் ஆண்டிலே கார்ல் வோஸ் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் மெதேன் ஆக்கிகளின் மரபணுச் செய்தியை ஆராய்ந்து, இவை பற்றீரியாக்களே அல்ல, உயிர் மரத்தின் வேறொரு பெருங்கிளை என்று நிறுவினர். அவர்கள் ஆராய்ந்தவற்றுள் மாட்டு வயிற்றிலிருந்து வந்தவையும் இருந்தன. உயிர்களின் பெரும் பிரிவுகளையே மாற்றி எழுதவைத்த சான்றுகளுள் ஒன்று சாணம் மணக்கும் கொட்டிலிலிருந்து வந்தது.

எம்மவருட் சிலர் இவ்விடத்திலே அவசரப்படுவர். 'பாருங்கள், பற்றீரியாக்களே கூட்டுறவாக வாழ்கின்றன. மனிதரும் அவ்வாறு வாழவேண்டும்' என்று மேடையேறி விடுவர். அவ்வாறு கூறுவது விஞ்ஞானமும் அன்று, அரசியலும் அன்று. பற்றீரியாக்களிடம் கருணையும் இல்லை, சுரண்டலும் இல்லை. ஸ்ரெப்ரோகொக்கஸ் பெருகி ஏனையவற்றை அழிப்பதைக் காட்டி, வல்லவன் வாழ்வதே இயற்கை என்று எதிரணியினரும் வாதிடலாமே! மனித சமுதாயத்தின் நியாயத்தை மாட்டின் வயிற்றிலே தேடவேண்டியதில்லை. அங்கு தேடவேண்டியது வேறு: ஓர் உயிரை அதன் சூழலிலிருந்து பிடுங்கி எடுத்து ஆராய்ந்தால் உண்மை அகப்படாது என்னும் பாடம். மாணவனை அவனுடைய வீட்டிலிருந்தும், விடியற்காலைப் பால் விநியோகத்திலிருந்தும் பிரித்தெடுத்து, பரீட்சைத் தாளிலே மட்டும் வைத்து அளந்துவிட்டு 'இவன் வளரவில்லை' என்று எழுதுகின்ற எமக்கு அப்பாடம் பொருந்தும்.

ஹங்கேற் 1966ஆம் ஆண்டிலே தம் துறையின் அறிவனைத்தையும் திரட்டி முதலறையையும் அதன் நுண்ணங்கிகளையும் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பின்லாந்தைச் சேர்ந்த விர்த்தனென், புரதமே இல்லாத உணவோடு யூரியாவும் அமோனியம் உப்பும் கொடுத்து வளர்த்த பசுக்கள் பால் தந்ததை அறிவித்தார். மனிதன் உண்ண முடியாத நாரையும் எளிய நைதரசன் உப்பையும் கொண்டு, மனிதன் உண்ணத்தக்க பாலை ஆக்கும் ஆற்றல் அந்நுண்ணங்கிகளுக்கு உண்டு என்பது ஐயமற நிறுவப்பட்டது. மாடு மனிதனின் உணவுக்குப் போட்டியாக வரவேண்டியதில்லை என்பதே இதன் உட்பொருள்.

ஆனால், இலாபம் வேறு வழியிலே சிந்தித்தது. அமெரிக்காவின் பெருந்தொழுவங்களிலே ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்து, விரைவிலே கொழுப்பதற்காகத் தானியத்தையே ஊட்டினர். எமது மாணவனின் பசுவைக் கொன்ற அதே அமில நோய் அத்தொழுவங்களின் நித்தியப் பிரச்சினை ஆயிற்று. 1950களின் தொடக்கத்திலிருந்து, நோயில்லாத விலங்குகளுக்கும் வளர்ச்சியைத் தூண்டும் பொருட்டுத் தீவனத்திலே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கலக்கப்பட்டன. இவ்வழக்கம் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும் என்று பிரித்தானியாவின் சுவான் குழு 1969ஆம் ஆண்டிலே எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதனை முற்றாகத் தடைசெய்ததோ 2006ஆம் ஆண்டிலேயே. எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையே கழிந்தவை 37 ஆண்டுகள். அறிவு இல்லாமையால் அன்று, அறிவின்படி நடப்பது சிலருக்கு நட்டம் என்பதால் கழிந்த ஆண்டுகள் அவை.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. இப்பில் இப்பில் என்று எமது நாட்டிலும் வழங்கும் மரத்தை வாசகர் அறிவர். ஆடு மாடுகளுக்கு அதன் குழையை வெட்டிப் போடுவோர் பலர். அக்குழையிலே மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அவுஸ்திரேலியாவிலே அதனை மிகுதியாகத் தின்ற மாடுகளுக்கு மயிர் உதிர்ந்தது. கழுத்துச் சுரப்பி வீங்கியது. ஹவாய்த் தீவிலோ அதனையே தின்ற ஆடுகள் நலமாக இருந்தன. அவுஸ்திரேலிய அரச ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த றேமண்ட் ஜோன்ஸ் இவ்வேறுபாட்டுக்கு ஆடு அன்று, ஆட்டின் வயிற்றிலுள்ள நுண்ணங்கியே காரணம் ஆகலாம் என்று 1981ஆம் ஆண்டளவிலே முன்மொழிந்தார். ஹவாய் ஆடுகளின் முதலறைத் திரவம் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்குள்ள விலங்குகளுக்கு ஊட்டப்பட்டது. நச்சு நீங்கிய செய்தி 1986ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. 1992ஆம் ஆண்டிலே அப்பற்றீரியாவுக்கு அவருடைய பெயரைச் சேர்த்து சினேர்ஜிஸ்ரெஸ் ஜோன்சியை என்று பெயரிட்டனர். அப்பற்றீரியா வேறு பல நாடுகளிலும் இருப்பதையும், விலங்கின் ஈரலும் அந்நச்சைத் தணிப்பதிலே பங்குகொள்வதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. விஞ்ஞானத்திலே முடிந்த முடிபு என்பது அரிது. ஆயினும் பொதுப் பணத்திலே நடந்த ஆய்வு மேய்ச்சற்காரரின் கைக்கு நேராகச் சென்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அம்மாணவன் உயர்தரத்திலே உயிரியல் பயின்றான். அவனுடைய புள்ளிகள் மனித மருத்துவத்துக்குச் சிறிது குறைந்து, பேராதனையின் கால்நடை மருத்துவ பீடத்துக்குப் போதுமானவையாய் இருந்தன. உறவினர் கூடினர். 'இவ்வளவு படித்துக் கடைசியிலே மாட்டு டாக்குத்தரோ? இன்னொருமுறை சோதினை எடுக்கட்டும்' என்பது அவர்களுடைய தீர்ப்பு. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. மாட்டோடு வாழ்ந்து மாட்டினாலே இகழப்பட்டவர்கள், அடுத்த தலைமுறையாவது அக்கொட்டிலை விட்டு நீங்கவேண்டும் என்று ஆசைப்படுவதிலே நியாயம் உண்டு. அவ்விகழ்ச்சியை வகுப்பறையிலே விதைத்த எமது தொழிலுக்கே அப்பொறுப்பின் பெரும்பங்கு உரியது. அவன் எம்மிடம் வந்து கருத்துக் கேட்டபோது, 2021ஆம் 2022ஆம் ஆண்டுகளிலே பால்மாவுக்காக இந்நாட்டு மக்கள் கடைவாசலில் நின்ற வரிசையை நினைத்துப் பார்க்கும்படி மட்டும் கூறினோம். முடிவை அவனும் தாயுமே எடுத்தனர். 'என்ரை பசுவைக் காப்பாத்த ஒரு டாக்குத்தர் வரேல்லை. நீ போய்ப் படிச்சுக்கொண்டு வா' என்று தாய் கூறினாராம்.

சென்ற விடுமுறையிலே அவன் ஊருக்கு வந்தபோது, பாலுற்பத்தியாளர் சங்கத்தினருக்கென ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டு வந்தான். விருந்திலே மிஞ்சிய சோற்றை ஒரே மாட்டுக்கு ஒரே வேளையிலே வைக்கலாகாது. பழக்கமில்லாத மாட்டுக்குச் சிறு பிடிக்கு மேல் ஆகாது. மிகுதியாகத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் மாடு படுக்கும்வரை காத்திராது உடனே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும் என்பன அதிலுள்ள செய்திகள். தமிழைத் திருத்தித் தரும்படி கேட்டான். 'முதலறை அமிலத்தேக்கம்' என்று தலைப்பிட்டிருந்தான். இலக்கணப்படி அதிலே பிழையில்லை; ஆனால் கொட்டிலிலே அது விளங்காது. ஏற்ற சொல்லை நாம் தேடிக்கொண்டிருக்க, அருகிலே நின்ற தாய், "மாட்டுக்கு வயிறு புளிச்சுப்போறது எண்டு எழுதுங்கோவன், எல்லாருக்கும் விளங்கும்" என்றார். 'மாட்டுக்கு வயிறு புளித்தல்' என்னுந் தலைப்போடு இருநூறு பிரதிகள் அச்சாகின. அவற்றுள் ஒன்றை, கலியாணச் சோறு கொடுத்த அயல்வீட்டுக்குத் தாயே கொண்டுபோய்க் கொடுத்தார்.